நெடுந்தீவுக் கடலில் யார் சட்டம்?

ஒரு நாட்டில் குற்றம் செய்ததாகச் சந்தேகிக்கப்படுபவர் வேறொரு நாட்டில் இருந்தால், அவரை விசாரணைக்குக் கையளிக்கச் சட்டம் வேண்டும். இந்தியாவில் அது 1962ஆம் ஆண்டுச் சட்டம். இலங்கையில் 1977ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம். பொதுவாக, செயல் இரு நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும்; அரசியல் குற்றங்களுக்கு விலக்கு உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனை ஒப்படைக்குமாறு 1995இல் இந்தியா இலங்கையிடம் கோரியது. கொழும்பின் பிடியிலேயே இல்லாதவரை எப்படி ஒப்படைப்பது? கோரிக்கை காகிதத்தோடு நின்றது.

இலங்கையின் நெடுந்தீவை அண்டிய கடலில் பிடிபடும் தமிழக மீனவர் நிலை வேறு. குற்றம் சாட்டப்படும் இடமும் கைதாகும் இடமும் இலங்கைக் கடலே என்பதால் ஒப்படைப்புக்கு வேலையில்லை. பெரும்பாலும் ஊர்காவற்றுறை நீதவான் முன் நிறுத்தப்படுகிறார்கள். விடுதலையானவர்கள் ஊர் திரும்புவது தூதரக ஏற்பாட்டில்.

2011 நவம்பரில் இக்கடலில் கைதான ஐந்து இராமேசுவரம் பகுதி மீனவருக்குப் போதைப்பொருள் வழக்கில் 2014 அக்டோபரில் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. தண்டனைக் கைதிகளைச் சொந்த நாட்டுச் சிறைக்கு மாற்றும் 2010ஆம் ஆண்டு உடன்பாடு இருந்தும், முடிவைத் தந்தது அரசியல்தான்: அடுத்த மாதமே ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச மன்னிப்பு வழங்கினார். அதே வழக்கில் மூன்று இலங்கையரும் தண்டிக்கப்பட்டிருந்தனர்; அந்த மன்னிப்பு ஐந்து இந்தியருக்குத்தான்.