ஒரே துயரம், நான்கு அறைகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கடனா நதி பாயும் ஊர் ஆழ்வார்குறிச்சி. இங்கும் பக்கத்துக் கடையம், முக்கூடல் வட்டாரத்திலும் பீடித் தட்டை மடியில் வைத்துக் குடும்பத்தைத் தாங்குகிற பெண்கள் ஏராளம். அவர்களில் ஒருவராக ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது நாற்பது. கணவருக்கு வெளியூரில் வேலை. சில மாதங்களாக இரவில் தூக்கம் இல்லை, காலையில் எழுந்திருக்க மனம் இல்லை. வெள்ளி தவறாமல் சிவசைலம் கோயிலுக்குப் போனவர் இப்போது வாசற்படி தாண்டுவதில்லை. கேட்டால், "மனசுக்கு ஒண்ணும் பிடிக்கல, நெஞ்சு படபடன்னு வருது" என்கிறார். குறி கேட்டுவிட்டு வரலாம் என்கிறார் மாமியார். "கவுன்சலிங் போவோம்மா" என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

மகள் சொல்வது நல்ல யோசனை. ஆனால் கவுன்சலிங் என்ற ஒரே பெயருக்குள் பல வழிகள் இருக்கின்றன. இந்தப் பெண் நான்கு அறைகளுக்குள் போனால் நான்கு விதமான அனுபவம் கிடைக்கும்.

முதல் அறையில் இருப்பவர் மனப்பகுப்பாய்வு படித்தவர். வியன்னாவில் சிக்மண்ட் பிராய்ட் தொடங்கிய வழி இது. இந்தியாவில் இதற்கு முதல் சங்கத்தை 1922இல் கல்கத்தாவில் அமைத்தவர் கிரீந்திரசேகர் போஸ். இந்த அறையில் பேச்சு இன்றைய படபடப்போடு நிற்காது. சிறுவயது, அப்பாவின் கோபம், சொல்லாமல் விழுங்கிய துக்கம் என்று பின்னோக்கிப் போகும். ஒரே விதமான உறவுச் சிக்கலில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிறவர்களுக்கு இந்தத் தேடல் பெரிய தெளிவைத் தரலாம். ஆனால் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் நீளும். பீடிக் கூலியை நம்பி வாழ்கிறவருக்கு அந்த நேரமும் பணமும் எளிதல்ல.

இரண்டாவது அறையில் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் காட்டிய வழி. 1940களில் அவர் முன்வைத்த கருத்து அன்றைக்குப் புதுமையாக இருந்தது: வந்தவருக்குப் புத்தி சொல்ல வேண்டாம், அவரை எடைபோட வேண்டாம், உண்மையான அக்கறையோடு கேட்டால் அவரே தன் வழியைக் கண்டுகொள்வார். "எல்லாத்துக்கும் கவலைப்படாதே" என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் "அந்தக் கவலை எப்படி இருக்கு, சொல்லுங்க" என்று கேட்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் தொண்டர்கள் செய்வதும் இப்படிக் கேட்பதைத்தான். அது முழுச் சிகிச்சை அல்ல. ஆனால் நெருக்கடியான இரவில் ஒருவரை மறுநாள் காலைவரை கொண்டுசேர்க்கக்கூடிய துணை.

மூன்றாவது அறையில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கும். மனப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் ஒன்றைக் கவனித்தார். மனச்சோர்வு கொண்டவர்களின் தலைக்குள், அவர்கள் அறியாமலே, தங்களைத் தாழ்த்தும் எண்ணங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கணவர் போனை எடுக்கவில்லை என்றதும் 'நான் யாருக்கும் வேண்டாதவள்' என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. அந்த எண்ணத்தை எழுதி, அதற்குச் சாட்சி என்ன, எதிர்ச்சாட்சி என்ன என்று சிகிச்சையாளரோடு சேர்ந்து பார்ப்பதுதான் சிபிடி என்கிற அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. வாரம் ஒரு முறை என்று சில மாதங்களில் முடியும். வீட்டுப்பாடமும் உண்டு.

நான்காவது அறை இன்னும் எளிமையானது. சோர்வு வந்தால் மனிதர் ஒதுங்குகிறார். ஒதுங்கினால் மகிழ்ச்சி தருகிற எதுவும் நடப்பதில்லை. அதனால் சோர்வு கூடுகிறது. இந்தச் சுழலை வெளியிலிருந்து உடைக்க வேண்டும். மனம் வரட்டும் என்று காத்திராமல், நாளைக்கு மாலை கோயில்வரை நடப்பது, தங்கச்சியைப் போய்ப் பார்ப்பது என்று சின்னச் செயல்களைத் திட்டமிட்டுச் செய்யவைப்பார்கள்.

இந்த நான்காவது வழிக்கு இந்தியாவிலேயே வலுவான சான்று இருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சங்கத் என்ற அமைப்பு நடத்திய ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வெளிவந்தது. கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பேர் பங்கேற்றார்கள். ஆலோசனை தந்தவர்கள் டாக்டர்களோ உளவியல் பட்டதாரிகளோ அல்ல. பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகள். ஆறு முதல் எட்டு அமர்வுகள்தான். மூன்று மாதத்தில் மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். இந்த ஆலோசனையும் பெற்றவர்களில் 64 சதவீதம். ஆழ்வார்குறிச்சி போன்ற ஊர்களுக்கு இது பெரிய செய்தி. சுகாதார நிலையத்துக்கு வந்துபோகும் நம்மூர்ப் பெண் ஒருவருக்கே முறையாகப் பயிற்சி கொடுத்து, மேற்பார்வையும் வைத்தால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற முடியாதவருக்கும் சிகிச்சை கிடைக்கும்.

அப்படியானால் எது சிறந்தது? 1936இலேயே சால் ரோசன்ஸ்வைக் என்ற உளவியலாளர், வழிகள் வேறானாலும் பலன் தருபவை அவற்றுக்குள் பொதுவாக இருக்கும் அம்சங்களே என்று வாதிட்டார். மனச்சோர்வைப் பொறுத்தவரை, பின்னர் வந்த பல ஒப்பீடுகளும் முறையான சிகிச்சைகளுக்கிடையே பெரிய வித்தியாசத்தைக் காணவில்லை. சிகிச்சையாளர் மீது நோயாளிக்கு ஏற்படும் நம்பிக்கை பெரும்பங்கு வகிக்கிறது.

ஆனால் எல்லாத் துன்பத்துக்கும் இது பொருந்தாது. கை அழுக்கு என்று நாளெல்லாம் கழுவிக்கொண்டே இருக்கும் ஓசிடி நோய்க்குக் கனிவாகக் கேட்பது மட்டும் போதாது. அழுக்கு என்று அஞ்சுவதைத் தொட்டுவிட்டு, கழுவாமல் அந்தப் பதற்றம் தானே தணியும்வரை பொறுத்திருக்கப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை வேண்டும். லண்டனில் விக்டர் மேயர் 1966இல் விவரித்த வழி அது. காதில் குரல் கேட்பது, யாரோ கொல்ல வருவதாக நம்புவது போன்ற மனச்சிதைவுக்கு மருந்துதான் அடிப்படை. பேச்சு அதற்குத் துணை.

நம் நாட்டில் இன்னொரு கேள்வியும் உண்டு: சிகிச்சை ஒருவருக்கா, குடும்பத்துக்கா? 1957இல் தொடங்கிய வேலூர் சிஎம்சி மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தினரும் உடன்தங்கும் முறையைக் கடைப்பிடித்தது. வீட்டாருக்கு நோயைப் புரியவைப்பதும் அங்கே சிகிச்சையின் பகுதி. இதன் அருமை, மனநோயாளிகளைக் குடும்பங்கள் கொண்டுபோய் விடும் தர்கா இருக்கும் ஏர்வாடியை நினைத்தால் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று தெரியாத குடும்பங்கள் எங்கே போய் நிற்கின்றன என்பதை அந்தத் தீ நாட்டுக்கே காட்டியது. தர்காவுக்கோ கோயிலுக்கோ போவதை நிறுத்த வேண்டியதில்லை. சங்கிலிதான் கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் அதைத் தடைசெய்கிறது.

ஆலோசனைக்குப் போகிறவர் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். என்ன படித்திருக்கிறீர்கள்? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா? எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள், ஏறத்தாழ எத்தனை அமர்வு ஆகும்? நான் சொல்வது ரகசியமாக இருக்குமா? ரகசியம் காக்கப்படுவது நோயாளியின் உரிமை என்று அதே மனநலச் சட்டம் சொல்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் சேவையைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் ஒரு நிமிடமும் தள்ளிப்போடாமல் அழைக்க வேண்டும். ஐந்தாறு அமர்வுக்குப் பிறகும் மாற்றம் தெரியவில்லை என்றால், அதைச் சிகிச்சையாளரிடமே சொல்லலாம். வேறு முறையோ வேறு ஆளோ கேட்கலாம். நல்ல சிகிச்சையாளர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.