கிளப் ஹவுஸ்: ஒரு சொல்லும் அதன் விலையும்

திருப்பதியில் அடுக்குமாடி வீடு வாங்க முனைவோர் கையில் கிடைக்கும் விளம்பர ஏடுகளில், மொழி எதுவாயினும் ஒரு சொல் மட்டும் மாறுவதில்லை. அதுதான் கிளப் ஹவுஸ். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன், இச்சொல் எதைக் குறிக்கிறது என்று சற்றே ஆராய்வோம்.

நம் பாட்டனார் காலத்தில் கிளப் என்றால் சிற்றுண்டிச் சாலை. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகக் கடைவீதிகளில் 'காபி கிளப்' என்ற பெயர்ப்பலகை சர்வ சாதாரணம். பிறகு சீட்டாட்ட மேசை அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது; 'மனமகிழ் மன்றம்' என்ற கௌரவமான தமிழ்ப் பெயர் வந்த பின்னும் அந்த வாடை முழுவதும் போகவில்லை. ஆங்கிலேயர் கட்டிய கிளப் ஹவுஸோ உறுப்பினர் அல்லாதார் நுழைய இயலாத மாளிகை. 1832இல் தோன்றிய மெட்ராஸ் கிளப் நெடுங்காலம் இந்தியரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1873இல் இந்தியருக்கும் இடமளித்துக் காஸ்மோபாலிட்டன் கிளப் எழுந்தது.

இன்றைய குடியிருப்புகளில் இச்சொல் மீண்டும் பொருள் மாறியிருக்கிறது. உடற்பயிற்சிக் கூடம், விழாக் கூடம், நீச்சல் குளம், விருந்தினர் அறை எல்லாம் இதனுள் அடக்கம். "சீமந்தத்தைக் கிளப் ஹவுஸிலேயே வைத்துக்கொள்ளலாம்" என்பது இயல்பான பேச்சாகிவிட்டது. சங்கக் கூட்டமும் நவராத்திரிக் கொலுவும் அங்கேயே நடக்கின்றன. தெலுங்குக் கிராமத்தின் ரச்சபண்டாவும் தமிழ்க் கிராமத்தின் சாவடியும் செய்த வேலையைத்தான் இது செய்கிறது. அவற்றுக்கு மாதக் கட்டணம் இருந்ததில்லை என்பது வேறு.

கட்டணம் என்றதும் கவனம் தேவை. கிளப் ஹவுஸுக்கு நாம் ஒருமுறை மட்டும் பணம் தருவதில்லை. பொதுப் பகுதியில் நம் பங்காக அது வீட்டின் விலையில் சேர்கிறது. உறுப்பினர் கட்டணம் என்று தனியே ஒரு தொகை கேட்கப்படுவதுண்டு. பிறகு மாதந்தோறும் பராமரிப்புச் செலவு. உறுப்பினர் கட்டணம் 2 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். அதையும் விலையோடு சேர்த்து 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணையில் சுமார் 1,736 ரூபாய் கூடும்; கடன் முடியும்போது அந்த 2 லட்சத்துக்காக நாம் செலுத்தியது 4 லட்சத்து 16 ஆயிரத்தைத் தாண்டியிருக்கும்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 'பொதுப் பகுதிகள்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் கிளப் ஹவுஸ் என்ற பெயர் இல்லை. திட்டத்தில் அளிக்கப்படும் சமுதாய, வணிக வசதிகள் அனைத்தும் என்ற தொடர் உள்ளது. ஆகவே விளம்பர ஏட்டில் கண்டது திட்டத்தின் ஒரு பகுதியாகப் பதிவாகியிருக்கிறதா, விற்பனை ஒப்பந்தத்தில் அளவோடும் முடிக்கும் தேதியோடும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யும் முன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் கேட்க இச்சட்டம் இடம் தரவில்லை. எனவே கேட்டுத் தெளிய நமக்கு அவகாசம் உண்டு.

விளம்பரத்தை நம்பிப் பணம் செலுத்தி இழப்புற்றவர்க்கு 12ஆம் பிரிவு இழப்பீட்டு உரிமை அளிக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பொதுப் பகுதி வரைபடத்தை மாற்ற, வீடு வாங்கியோரில் மூன்றில் இரு பங்கினரின் எழுத்துமூல இசைவு வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. நீச்சல் குளத்துக்குக் குறித்த இடத்தில் கடைகள் எழும்பும்போது துணைக்கு வருவது இதுவே. 17ஆம் பிரிவின்படி பொதுப் பகுதிகளின் உரிமை குடியிருப்போர் சங்கத்துக்கு மாற்றித் தரப்பட வேண்டும். சங்கம் அமையாத இடத்தில் சாவி கட்டுநரிடமே தங்கிவிடும். விழாக் கூடத்தின் வாடகையையும் அவரே நிர்ணயிப்பார்.

சென்னையிலோ வேலூரிலோ வசித்துக்கொண்டு, தரிசனத்துக்கு வரும்போது தங்குவதற்கென்று இங்கே வீடு வாங்குவோர் மற்றொன்றையும் எண்ண வேண்டும். வீடு பத்து மாதம் பூட்டிக் கிடந்தாலும் பராமரிப்புக் கட்டணம் நிற்காது. அவர்களுக்குச் சிறிய கிளப் ஹவுஸே போதும் என்பது நம் கருத்து.

இங்கேயே குடியிருப்போர் நிலை வேறு. திருமலைக்குச் செல்லும் உறவினர் வருகை ஓயாத ஊரில் நீச்சல் குளத்தைவிட விருந்தினர் அறைதான் அதிகம் பயன்படும். அவ்வறைகள் எத்தனை, ஓரிரவுக்கு வாடகை என்ன, பிரம்மோற்சவ நாட்களில் ஒரு வீட்டார் எத்தனை நாள் முன்பதிவு செய்யலாம் ஆகிய மூன்றையும் கட்டுநரின் விற்பனை அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளலாம்.