இயற்கையிடம் பாடம் கேட்கக் கட்டணம் இல்லை

இயற்கையைப் பார்த்துப் பொருள்களை வடிவமைக்கும் துறையைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசும்போதெல்லாம் பெற்றோர் தவறாமல் கேட்பது, "இதைப் பிள்ளை படிக்க எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். பெருந்தொகை வாங்கும் படிப்புகள் இருக்கவே செய்கின்றன. ஆனால், ஓர் இடைநிலைப்பள்ளி மாணவர் தொடங்குவதற்கு இணைய இணைப்பும் ஓரளவு ஆங்கிலமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இத்துறையை 'பயோமிமிக்ரி' என்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஜனைன் பென்யஸ் 1997-இல் எழுதிய நூல் இந்தச் சொல்லைப் பரவலாக்கியது. அவர் இணைந்து நிறுவிய பயோமிமிக்ரி இன்ஸ்டிடியூட், 2008-இல் 'ஆஸ்க்நேச்சர்' என்ற இலவச இணையத்தளத்தைத் திறந்தது. நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். காரணம், அங்கே தகவல்கள் உயிரினத்தின் பெயரால் மட்டும் அடுக்கப்படவில்லை. அது செய்யும் வேலையைக் கொண்டும் தேடலாம். குடை செய்ய நினைக்கும் மாணவர் 'குடை' என்று தேடினால் பயனில்லை. 'நீரை விலக்குவது' என்று ஆங்கிலத்தில் தேட வேண்டும். அப்போது தாமரை இலை வந்து நிற்கும்.

தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். ஏன் ஒட்டுவதில்லை? இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகளும் அவற்றின் மீது மெழுகுத் துகள்களும் இருப்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லோட் மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்து விளக்கினார். நீர்த்துளி மேடுகளின் உச்சியில் மட்டுமே தொட்டு, உருண்டோடும்போது தூசியையும் வாரிக்கொண்டு போகிறது. சுவரைத் தானே சுத்தமாக்கிக்கொள்ளும் சாயம் இந்த அறிவிலிருந்துதான் பிறந்தது.

வேலையைப் பார்க்க வேண்டும், தோற்றத்தை அல்ல. 2002-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் எஸ்பிளனேட் அரங்கத்தை எல்லாரும் டுரியான் என்கிறோம். பழம்போல இருப்பதால் மட்டும் ஒரு கட்டடம் இயற்கையிடம் கற்றதாகிவிடாது. அதன் கூரையிலுள்ள 7,000-க்கும் மேற்பட்ட அலுமினியத் தகடுகள் வெயிலை எப்படி மறைக்கின்றன என்று கேட்பதே நல்ல மாணவரின் கேள்வி.

செய்முறையைக் கற்க, அதே நிறுவனத்தின் 'பயோமிமிக்ரி டூல்பாக்ஸ்' உதவும். சிக்கலை வரையறுப்பதில் தொடங்கி, செய்த பொருளை மதிப்பிடுவது வரை படிப்படியாகச் சொல்லித் தருகிறது. அதுவும் இலவசம். 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்திற்குச் செயல்திட்டம் செய்பவர்களுக்குப் பொருத்தமானது.

ஓர் எச்சரிக்கை. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரிலுள்ள ஈஸ்ட்கேட் கட்டடம் இத்துறையின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் கறையான் புற்றைப் பார்த்து வடிவமைத்தார், 1996-இல் திறக்கப்பட்டது. இரவின் குளிர்காற்றைக் கான்கிரீட் வழியே செலுத்தி, பகலின் வெப்பத்தைத் தணிக்கிறது. வழக்கமான குளிர்சாதன வசதி இல்லாமலே இயங்குகிறது. புற்றின் காற்றோட்டம் கூட்டின் வெப்பநிலையைச் சீராக வைக்கிறது என்றே பல பக்கங்கள் இன்றும் எழுதுகின்றன. ஆனால், ஸ்காட் டர்னர், ரூப்பர்ட் சோவார் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் வேறு விதமாகக் காட்டினார்கள். கூட்டின் வெப்பநிலை சுற்றியுள்ள மண்ணை ஒட்டியே மாறுகிறது. புற்று செய்யும் முக்கிய வேலை காற்றைப் பரிமாறுவது. கட்டடம் நன்றாகவே இயங்குகிறது, அதற்குச் சொல்லப்பட்ட கதைதான் திருத்தப்பட்டது. இதை அறியாமல் ஒரு பிள்ளை தன் கோப்பில் பழைய கதையை எழுதினால், மதிப்பெண் போவதைவிடப் பெரிய நட்டம், தவறான விதியின் மேல் அடுத்த பொருளை அவர் செய்யத் தொடங்குவது. ஆஸ்க்நேச்சர் பக்கங்களில் மூல ஆய்வுகளின் பெயர்கள் தரப்படுகின்றன. அவற்றை 'கூகுள் ஸ்காலர்' தேடலில் போட்டால், பல கட்டுரைகளை இலவசமாகவே திறந்து படிக்கலாம். முழுவதும் புரியாவிட்டாலும் சுருக்கத்தையும் முடிவுரையையும் ஆசிரியரின் துணையோடு வாசிக்கலாம்.

செடியின் பெயர் தெரியாவிட்டால் 'ஐநேச்சுரலிஸ்ட்' செயலியில் படத்தை ஏற்றினால் அடையாளம் காண உதவுவார்கள். தாமரைக் குளம் தேடிப் போக வேண்டியதில்லை. கால்வாய் ஓரத்துச் சேம்பு இலையிலும் தண்ணீர் அப்படித்தான் உருளும். இலையைக் கிழிக்காதீர்கள், சாறு பட்டால் அரிக்கும். முதலில் சிறிது நீர் ஊற்றிப் பாருங்கள். பிறகு ஓரிடத்தை விரலால் அழுத்தித் தேய்த்து மெழுகைக் கலைத்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும்.