கரன்ட் போனால் சோலாரும் போகுமா?

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது, தென்னை மரங்களோடு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களும் சாய்ந்தன. உட்கிராமங்களுக்குக் கரன்ட் திரும்ப வாரக்கணக்கானது. வாடகை ஜெனரேட்டர் வைத்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியதையும், காசு கொடுத்து செல்போனுக்குச் சார்ஜ் போட்டதையும் டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த அனுபவத்தை மனதில் வைத்து சோலார் போட நினைப்பவர்கள், முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என மானியம் கிடைக்கிறது. ஆனால், இதில் பெரும்பாலும் பொருத்தப்படுவது பேட்டரி இல்லாத 'ஆன் கிரிட்' அமைப்பு. லைனில் கரன்ட் போனதும் இதுவும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் மின் ஊழியர் மீது நம் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. உச்சி வெயிலடித்தாலும் மின்விசிறி சுற்றாது. பில் அதிகம் வரும் வீட்டுக்கு நல்ல ஏற்பாடுதான். இலவச யூனிட் போக, சொற்பத் தொகையே கட்டும் குடும்பத்துக்குப் போட்ட பணம் திரும்ப வெகுகாலமாகும்.

இருட்டுக்குத்தான் சோலார் என்றால், பேட்டரியுள்ள 'ஆஃப் கிரிட்' அல்லது 'ஹைபிரிட்' அமைப்பு வேண்டும். கடைக்குப் போவதற்கு முன் ஒரு ராத்திரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண மின்விசிறி 75 வாட். இரண்டு விசிறிகள் 10 மணி நேரம் ஓடினால் 1,500 வாட் மணி. அதையே 30 வாட் பி.எல்.டி.சி விசிறியாக மாற்றினால் 600. மூன்று எல்.இ.டி பல்பு, செல்போன், கொஞ்ச நேரம் டி.வி சேர்த்து இன்னொரு 300. ஆக 900. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 1,100 போகும்.

12 வோல்ட், 150 ஏ.எச் டியூபுலர் பேட்டரியில் 1,800 வாட் மணி இருக்கும். அதில் பாதிக்குச் சற்று மேல் எடுக்கலாம். தினமும் அடிவரை வழித்தெடுத்தால் ஆயுள் குறையும். ஆக, விசிறியை மாற்றியவருக்கு ஒரு பேட்டரியில் ராத்திரி கழியும். மாற்றாதவருக்கு இரண்டு வேண்டும். பேட்டரிக்குக் கொடுக்கும் காசை முதலில் விசிறிக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம். வாங்கும்போது 'சி10' என்று குறித்த சோலார் பேட்டரியைக் கேட்டு வாங்க வேண்டும். மாதமொரு முறை டிஸ்டில்டு வாட்டர் அளவையும் பார்க்க வேண்டும்.

ஒரு பேட்டரிக்கு 500 வாட் பேனல் ஒன்று போதும். நல்ல வெயிலில் நாளுக்கு 2 யூனிட் தரும். ஏமாறும் இடம் சார்ஜ் கன்ட்ரோலர்தான். விலை குறைவு என்று 'பி.டபிள்யூ.எம்' வகையை 12 வோல்ட் பேட்டரியோடு மாட்டினால், அந்தப் பேனலிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் பேட்டரிக்கு வந்து சேரும். 'எம்.பி.பி.டி' வகைக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவல்ல. வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டரும் நல்ல பேட்டரியும் இருந்தால், பேனலும் இந்தக் கன்ட்ரோலரும் மட்டும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் கிணற்று மோட்டாரை ஓட்ட ஆசைப்படக் கூடாது. 1 ஹெச்.பி மோட்டார்கூட கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். அதற்குத் தனி சோலார் பம்ப்செட்தான் சரி.

பேனல் தெற்கு பார்த்து, 10 முதல் 13 டிகிரி சாய்வில் இருக்கட்டும். தென்னை ஓலையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி நன்றாகக் குறையும். கடலோர மாவட்டங்களில் கல்லை வைத்து நிறுத்துவது ஆகாது; கான்கிரீட்டில் போல்ட் இறக்கிக் கட்ட வேண்டும். ஓட்டு வீடென்றால், வாசலில் நிழல் விழாத இடத்தில் இரும்புக் கம்பம் நட்டு அதில் பொருத்தலாம். புயல் எச்சரிக்கை வந்ததும் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்துவிட்டு, போல்ட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிடுவது நல்லது.