எந்த ஊர் பொல்லாத ஊர்?

ஊர்க் கணக்கு – 7

சென்ற வாரம் மழைக் கணக்கைப் பற்றி எழுதியபோது, மழைமானி என்ற கருவிக்கு ஊர்ப்பற்றோ மேலதிகாரியிடத்து அச்சமோ கிடையாதாகையால், நுங்கம்பாக்கத்தில் பெய்ததையும் மீனம்பாக்கத்தில் பெய்ததையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிடுவதில் தவறொன்றுமில்லை என்று சொல்லியிருந்தேன். இந்த வாரத்து விஷயம் அப்படிப்பட்டதன்று. குற்றத்தை அளக்கும் கருவி ஒரு பதிவேடு. அதில் எழுதுகிறவர் ஒரு மனிதர். அவர் எழுதத் தொடங்குவதற்கு முன் எழுதலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்.

சில வருஷங்களுக்கு முன் வைகை எக்ஸ்பிரஸில் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிர் ஆசனத்தில் சென்னைவாசியான ஓர் இளைஞர். அவர் பக்கத்தில் மதுரைப் பெரியவர் ஒருவர். விழுப்புரம் தாண்டியதும் பேச்சு ஊர்களைப் பற்றித் திரும்பியது.

“ஏன் சார், உங்க ஊர்ல ஏழு மணிக்கு மேல வெளிய போறதே கஷ்டமாமே? எந்தப் படத்தைப் பார்த்தாலும் அருவாளைத்தானே தூக்குறாங்க?”

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. “தம்பி, எங்கூர்ல ராத்திரி ரெண்டு மணிக்குப் பொம்பளைங்க கடையில நின்னு புரோட்டா பார்சல் வாங்கிட்டுப் போறாக. நீங்கதான் பத்து மணிக்கே கடையச் சாத்திப்புடுறீங்க” என்றார்.

இளைஞர் விடுவதாயில்லை. கைப்பேசியில் ஏதோ ஒரு பட்டியலை எடுத்துக் காட்டி, இன்ன நகரத்தில் லட்சம் பேருக்கு இத்தனை குற்றம், இன்ன நகரத்தில் இத்தனை என்று வாசிக்கத் தொடங்கினார். பெரியவருக்கு அந்தக் கணக்குக்கு மறுகணக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று அவருக்குப் பதிலாக நான் சொல்லியிருக்க வேண்டியவற்றையே இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பட்டியல்களுக்கெல்லாம் மூலம் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் என்ற மத்திய சர்க்கார் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை. காப்பகம் ஏற்பட்டது 1986இல்; அறிக்கையோ அதற்கும் மூத்தது, 1953ஆம் வருஷத்திலிருந்து வருவது. அதில் காணும் விகிதம் என்பது, பதிவான வழக்குகளை ஜனத்தொகையால் வகுத்து லட்சத்தால் பெருக்கிய எண். பள்ளிக்கூடப் பிள்ளையும் போடக்கூடிய கணக்குத்தான். ஆனால் மேலே இருக்கும் எண்ணும் கீழே இருக்கும் எண்ணும் எங்கிருந்து வருகின்றன என்று விசாரிக்கப் புகுந்தால், கணக்கு அவ்வளவு எளிதாக இருப்பதில்லை.

கீழ் எண்ணை முதலில் பார்ப்போம். 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, சென்னைக்குப் பழைய மாநகராட்சி எல்லையில் சுமார் 46.5 லட்சம் பேர். அவ்வருஷம் அக்டோபரில் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தபோது அந்த எல்லைக்குள் வந்தவர்களையும் சேர்த்தால் சுமார் 67 லட்சம். மாநகராட்சிக்கும் வெளியே பரந்து கிடக்கும் நகரத் தொகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டால் 86.5 லட்சம். கோயம்புத்தூரிலும் இதே கூத்து: பழைய மாநகராட்சி 10.5 லட்சம், நகரத் தொகுதி 21 லட்சத்துக்கு மேல். ஒரு பேச்சுக்கு, கோயம்புத்தூரில் ஒரு வருஷத்தில் 5,000 வழக்குகள் பதிவாயின என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எண்ணால் வகுத்தால் விகிதம் 476. இரண்டாவதால் வகுத்தால் 234. ஒரு திருடன்கூடத் திருந்தாமலே ஊர் பாதி நல்ல ஊராகிவிடுகிறது!

இந்த ஜனத்தொகையும் இன்றைய ஜனத்தொகையன்று. 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போய்விட்டபடியால், பெருநகரங்களின் விகிதத்தைக் கணிக்க 2011ஆம் வருஷத்து எண்ணையே காப்பகம் கையாண்டு வந்திருக்கிறது. பின்னலாடைத் தொழில் கூப்பிட்ட குரலுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து குடியேறியவர்களால் நிரம்பிய திருப்பூரின் இன்றைய போலீஸ் வழக்குகளை, அவர்களில் பலர் வராத காலத்து ஜனத்தொகையால் வகுக்கப் புகுந்தால், அந்த ஊருக்கு அநியாயமான அபகீர்த்திதான் மிஞ்சும்.

எல்லையோ அதைவிட நிலையற்றது. சென்னைப் போலீஸ் ஆணையம் 2008இல் புறநகரைத் தனியே பிரித்துக் கொடுத்தது. 2011இல் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 2022 ஜனவரி முதல் தேதியன்று ஆவடி, தாம்பரம் என்று இரண்டு தனி ஆணையங்களைப் பெற்று மறுபடியும் சுருங்கியது. ஆகவே 2021ஆம் வருஷத்துச் சென்னைப் போலீஸின் வழக்குகளையும் 2022ஆம் வருஷத்து வழக்குகளையும் அருகருகே வைத்துக் ‘குற்றம் குறைந்தது’ என்று ஒருவர் எழுதுவாரானால், அவர் ஒப்பிடுவது இரண்டு வருஷங்களையல்ல, இரண்டு ஊர்களை.

இவ்வளவுக்கும், காப்பகத்தின் பெருநகரப் பட்டியலில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள 19 நகரங்களே இடம்பெறுகின்றன. நம் மாநிலத்திலிருந்து சென்னையும் கோயம்புத்தூரும் மட்டும். மதுரையும் திருச்சியும் சேலமும் நெல்லையும் மாவட்ட வாரியான அட்டவணையில் வெறும் வழக்கு எண்ணிக்கையாக நிற்கின்றன. ரயில் பெட்டியில் அந்த இளைஞர் வாசித்த மதுரை விகிதத்தை யாரோ ஒருவர் ஓர் அட்டவணையிலிருந்து வழக்கையும், வேறோரிடத்திலிருந்து ஜனத்தொகையையும் எடுத்து, தாமே வகுத்திருக்க வேண்டும்.

மேல் எண்ணுக்கு வருவோம். உண்மையான விஷயம் இங்கேதான் இருக்கிறது.

என் சிநேகிதர் ஒருவர், பெயரும் ஊரும் வேண்டாம், பேருந்தில் ஏறும் நெரிசலில் சட்டைப்பையிலிருந்த கைப்பேசியைப் பறிகொடுத்தார். நானும் கூடப் போனேன். ஸ்டேஷன் ரைட்டர் மரியாதையானவர். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேட்டார்.

“எடுத்ததை நீங்க பார்த்தீங்களா சார்?”

“பார்க்கலை. பாக்கெட்ல இருந்தது. ஏறினதும் இல்லை.”

“பார்க்கலேல்ல? அப்ப ‘பயணத்தின்போது தவறவிட்டுவிட்டேன்’னு எழுதிக் குடுங்க. ரசீது போட்டுத் தர்றேன். சிம் கார்டு வாங்கிக்கலாம். எதுக்கு சார் கோர்ட்டு, கேஸுன்னு நீங்க அலையணும்?”

சிநேகிதர் என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். திருட்டு என்று வாயால் சொன்னது, தாளில் ‘தவறவிட்டேன்’ ஆனது. தமிழ்நாட்டுப் போலீஸ் ஸ்டேஷன்களில் சி.எஸ்.ஆர். என்று ஒரு பதிவேடு உண்டென்பதையும், கொடுத்த மனுவுக்கு அதில் எண் போட்டு ஒரு ரசீது தருவார்கள் என்பதையும் அந்த வாசலை மிதித்தவர்கள் அறிவார்கள். அந்த ரசீதோடு நின்றுவிட்ட சங்கதி எதுவும் காப்பகத்தின் கணக்கில் ஏறாது. முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., போடப்பட்டால்தான் அது உலகத்தின் கண்ணுக்குக் குற்றமாகும். கைது செய்தற்குரிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் அறிக்கை பதிவு செய்தே தீரவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தீர்ப்புக்கும் ரைட்டர் மேஜைக்கும் இடையிலுள்ள தூரம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. அந்தத் தூரத்தையே பட்டியல்காரர்கள் குற்ற விகிதம் என்று அச்சடிக்கிறார்கள்.

ரைட்டரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. வழக்கு ஏறினால், மாதாந்தரக் கிரைம் மீட்டிங்கில் ‘ஏன் உம்முடைய சரகத்தில் ஏறியது?’ என்று இன்ஸ்பெக்டர் கேட்கப்படுவார். ஏறாவிட்டால் யாரும் கேட்பதில்லை. கேள்வியை இப்படி வைத்துக்கொண்டு பதிலைக் குறை சொல்வது எந்த நியாயம்?

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. குடித்துவிட்டுத் தெருவில் கலாட்டா செய்தவர் மீது போடும் ‘எழுபத்தைந்து கேஸ்’ 1888ஆம் வருஷத்து நகரப் போலீஸ் சட்டத்தின் 75ஆம் பிரிவில் வருவது. பெட்டி கேஸ் என்று போலீஸாரே அழைக்கும் இவ்வகை வழக்குகளில் புகார்தாரர் என்று ஒருவர் வந்து நிற்பதில்லை. போலீஸார் தேடிப் பிடித்தால் வழக்கு, பிடிக்காவிட்டால் ஒன்றுமில்லை. இங்கே எண்ணிக்கை உயர்வது குடிகாரர்கள் பெருகியதைக் காட்டாது, ரோந்து பெருகியதைக் காட்டும். இதன் உச்சத்தை 2020இல் பார்த்தோம். 2019இல் எல்லாச் சட்டங்களின் கீழுமாகச் சுமார் 4.5 லட்சம் வழக்குகள் பதிவான தமிழ்நாட்டில், அடுத்த வருஷம் 13.7 லட்சத்துக்கு மேல் பதிவாயின. ஜனங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்து, திருடர்களும் வேலையின்றி இருந்த வருஷம் அது! ஊரடங்கை மீறி வெளியே வந்தவர்கள்மீது குவித்த வழக்குகளே அந்த வீக்கத்துக்குப் பெருங்காரணம். காய்கறி வாங்கக் கிளம்பியவரும் பட்டியலில் ஓர் எண்.

இன்னொரு விதியையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அறிக்கையில் பல குற்றங்கள் அடங்கியிருந்தால், அவற்றுள் மிகக் கொடியது எதுவோ அதுமட்டுமே எண்ணப்படும். வீடு புகுந்து கொள்ளையடித்து, தடுத்தவரைக் கொன்றால், கணக்கில் கொலை ஒன்று. கொள்ளை காணாமல் போய்விடும். அதுபோலவே எழும்பூர் ரயில் நிலையத்து நடைமேடையில் அறுக்கப்பட்ட சங்கிலி சென்னை நகரக் கணக்கில் சேராது, ரயில்வே போலீஸ் கணக்கில் சேரும். நிலையத்துக்கு வெளியே, பத்தடி தள்ளி அறுத்திருந்தால் அது சென்னையின் குற்றம்.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா என்று வாசகர் கேட்கலாம். ஒப்பிடலாம், ஆனால் எல்லாக் குற்றங்களையும் ஒரு மூட்டையாகக் கட்டித் தராசில் வைப்பது வீண். கொலையை ஒப்பிடலாம், ஏனெனில் பிணத்தைச் சி.எஸ்.ஆர். ரசீதுக்குள் மறைப்பது அருமை. வாகனத் திருட்டை ஓரளவு ஒப்பிடலாம், ஏனெனில் எஃப்.ஐ.ஆர். நகல் இல்லாமல் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தருவதில்லை. பறிகொடுத்தவர் ரைட்டரை விடமாட்டார். கொலையிலும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். திருநெல்வேலி மாநகராட்சியில் 2011இல் 4.7 லட்சம் பேர்தான். ஏதோ ஒரு பழைய பகை வளர்ந்து அங்கே ஒரு வருஷத்தில் பத்துக் கொலைகள் அதிகமாக நடந்துவிட்டால், விகிதம் லட்சத்துக்கு இரண்டுக்கு மேல் எகிறும். 2022இல் இந்தியா முழுமைக்குமான கொலை விகிதமே 2.1. அதே பத்துக் கொலைகள் சென்னை நகரத் தொகுதியில் நடந்தால் விகிதம் ஏறுவது 0.12. சிறிய ஊர் ஒரு கெட்ட வருஷத்தைத் தாங்காது. பெரிய ஊர் பல கெட்ட வருஷங்களை வெளியே தெரியாமல் ஜீரணித்துவிடும். ஆகையால் ஓர் ஊரை வேறோர் ஊரோடு ஒப்பிடுவதைவிட, எல்லை மாறாத காலத்தில் அந்த ஊரை அதனோடே, ஐந்தாறு வருஷம் தொடர்ந்து ஒப்பிடுவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். பதிவு உயர்வது வேறு, குற்றம் உயர்வது வேறு என்று காப்பகமே எச்சரித்துமிருக்கிறது. அந்தப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

ரயிலில் அந்த மதுரைப் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது எனக்கு மதுரையை அடுத்த உசிலம்பட்டிப் பக்கம் நினைவுக்கு வந்தது. குற்றக் கணக்கு ஒரு நிலப்பகுதியின்மீதும் அதன் ஜனங்கள்மீதும் ஒட்டிக்கொண்டால் எதுவரை போகும் என்பதை நேரில் கண்ட பூமி அது. 1871இல் வடக்கே பிறந்து, 1911க்குப் பிறகு சென்னை ராஜதானிக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை அங்கத்து ஜனங்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றே சொல்வார்கள். குற்றம் செய்தவன் செய்யாதவன் என்ற பேதமில்லாமல், குறிப்பிட்ட ஜாதியில் பிறந்த ஆண்பிள்ளை பெருவிரல் ரேகை வைக்கவேண்டும், இரவில் வந்து பதிவேட்டில் ஆஜர் கொடுக்கவேண்டும். ரேகை வைக்க மறுத்துக் கூடிய பெருங்காமநல்லூர் ஜனங்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸார் சுட்டதில் இறந்தவர் பதினாறு பேர். அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் ரத்தாயிற்று. பெயர் மட்டும் சினிமாவுக்கும் ரயில் பேச்சுக்கும் குடிபெயர்ந்து இன்னும் நடமாடுகிறது.

வாசகருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பொருள் திருடுபோனால் ‘தவறவிட்டேன்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள்; நானும் என் சிநேகிதரும் செய்த பிழை அது. திருடுபோயிற்று என்று எழுதி, எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரவேண்டும் என்பது 1973ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை முதல் தேதி அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. உங்கள் ஊரின் குற்றக் கணக்கில் ஒன்று கூடும். கூடட்டும்.