ஆர்ஜிபி, சிஎம்ஒய்கே நிறமுறைகள்

ஆர்ஜிபி, சிஎம்ஒய்கே என்பன ஒளிப்படத் திருத்தத்தில் பயன்படும் இரு நிறமுறைகள் ஆகும். முதலாவது திரையில் ஒளியால் நிறங்களை உருவாக்குகிறது. இரண்டாவது தாளில் மையால் உருவாக்குகிறது. திரையில் பளிச்சென்று தெரியும் படம் அச்சில் மங்கி வருவதற்கு இவற்றுக்கிடையேயான வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

ஆர்ஜிபி

சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளே ஆர்ஜிபி. ஒளி சேரச் சேர வெளிச்சம் கூடுவதால் இது கூட்டு நிறமுறை எனப்படுகிறது. மூன்றும் முழு அளவில் சேர்ந்தால் வெள்ளை. மூன்றும் இல்லையென்றால் கறுப்பு. சிவப்பொளியும் பச்சையொளியும் சேர்ந்தால் மஞ்சள் கிடைக்கும். 8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிநிலைகள் உள்ளன. எனவே மொத்தம் 1,67,77,216 நிறங்களைக் குறிக்க முடியும். கேமரா, கைப்பேசி, கணினித் திரை, தொலைக்காட்சி ஆகியவை இம்முறையில் இயங்குகின்றன.

சிஎம்ஒய்கே

சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளைக் கொண்டது இம்முறை. வெள்ளைத் தாளில் விழும் ஒளியிலிருந்து சயான் மை சிவப்பையும், மெஜந்தா மை பச்சையையும், மஞ்சள் மை நீலத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றன. எஞ்சிய ஒளியே கண்ணை அடைகிறது. ஆகவே இது கழித்தல் நிறமுறை. ஒவ்வொரு மையின் அளவும் 0 முதல் 100 விழுக்காடு வரை குறிக்கப்படும்.

முதல் மூன்று மைகளும் சேர்ந்தால் முழுக் கறுப்பு வருவதில்லை. கலங்கிய பழுப்பே வரும். மேலும், மூன்று மைகளால் எழுத்துகளை அச்சிட்டால் தகடுகள் சிறிது விலகினாலும் விளிம்புகளில் நிறம் கசிந்து தெரியும். இதனால் கறுப்பு மை தனியே சேர்க்கப்பட்டது.

நிறம் மாறுவது ஏன்?

திரை காட்டும் எல்லா நிறங்களையும் நான்கு மைகளால் உருவாக்க முடியாது. அடர்ந்த நீலம், ஒளிரும் பச்சை போன்றவை அச்சின் எல்லைக்கு வெளியே இருப்பவை. நிறமுறையை மாற்றும்போது மென்பொருள் அவற்றுக்கு நெருக்கமான மங்கிய நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறது. இவ்வாறு இழந்த நிறம், படத்தை மீண்டும் ஆர்ஜிபிக்கு மாற்றினாலும் திரும்பாது.

எதற்கு எது?

இணையதளம், காணொளி, சமூக ஊடகம் ஆகியவற்றுக்கு ஆர்ஜிபி ஏற்றது. ஒளிப்படத் தாளில் ஒளியால் படம் பதிக்கும் ஆய்வகங்களுக்கும், வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறிகளுக்கும் பொதுவாக ஆர்ஜிபி கோப்பே போதும். புத்தகம், இதழ், அழைப்பிதழ் போன்ற ஆப்செட் அச்சு வேலைகளுக்கு சிஎம்ஒய்கே தேவை.

திருத்தங்களை ஆர்ஜிபியில் முடித்து, மூலக்கோப்பைச் சேமித்து வைத்த பின், அதன் நகலை மட்டும் சிஎம்ஒய்கேக்கு மாற்றுவது நல்லது. மாற்றும் முன் அச்சகம் பயன்படுத்தும் நிற விவரக்கோப்பைக் கேட்டுப் பெற வேண்டும். போட்டோஷாப்பில் கண்ட்ரோல், ஒய் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அச்சில் நிறம் எப்படி வரும் என்பதை ஓரளவு திரையிலேயே பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் அச்சேறிய பிறகு நிறத்தைத் திருத்த வழியில்லை என்பதால், ஒரு மாதிரிப் பிரதியை அச்சிட்டுப் பார்ப்பதே உறுதியான வழி.