பாக்சிங் பயிற்சிக்கு முன்னாடி பரோட்டாவா? ரிங்கில் இறங்கும் பிள்ளைகள் எப்போ, என்ன சாப்பிடணும்?

2018 செப்டம்பர். போலந்தில் நடந்த குத்துச்சண்டைப் போட்டிக்காக அதிகாலை 3 மணிக்கு மேல் அங்கே போய் இறங்கினார் மேரி கோம். காலை 7.30 மணிக்கு எடை பார்க்க வேண்டும். அவர் மோத வேண்டியது 48 கிலோ பிரிவில். ஆனால் உடம்பில் சுமார் 2 கிலோ கூடுதல். ஒரு மணி நேரம் நிற்காமல் ஸ்கிப்பிங் ஆடி எடையைக் குறைத்து, அந்தப் போட்டியில் தங்கமும் வென்றார்.

கேட்க சூப்பரா இருக்கும். ஆனால் அப்போதே 5 முறை உலக சாம்பியன் ஆகியிருந்த ஒருவர், பல வருட அனுபவத்தோடு செய்தது அது. மாப்பிள்ளையூரணியிலோ தருவைகுளத்திலோ பள்ளி முடிந்து பயிற்சிக்கு ஓடும் 15 வயதுப் பிள்ளை இதைப் பார்த்து, போட்டிக்கு முந்தின நாள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தால்? அங்கேதான் ஆபத்து.

அப்படியென்றால் பாக்சிங் பழகுறவங்க எப்படித்தான் சாப்பிடணும்? பார்க்கலாம்.

நேரம் ஏன் முக்கியம்?

அமெச்சூர் குத்துச்சண்டையில் 3 நிமிட ரவுண்டுகள் 3, நடுவில் ஒரு நிமிடம்தான் ஓய்வு. இந்த வேகத்துக்கு உடம்பு முதலில் எடுத்துக்கொள்வது, தசையில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தைத்தான். அது சோறு, இட்லி, கேப்பை, பழம் வழியாக வருவது. அதனால் 'சோறு சாப்பிட்டா குண்டாயிடுவேன்' என்று தட்டைத் தள்ளி வைப்பவருக்கு இரண்டாவது ரவுண்டிலேயே கை தொங்கிவிடும்.

அதே நேரம், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ரிங்கில் ஏறினால் விலாவில் விழும் ஒரு குத்தே போதும், வாந்தி வந்துவிடும். எனவே பெரிய சாப்பாடு பயிற்சிக்கு 3 மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். கடைசி ஒரு மணி நேரத்தில் சின்னதாக ஏதாவது போதும்.

மாலை 5 மணிக்குப் பயிற்சி என்றால்?

காலை: இட்லி அல்லது தோசை, சாம்பார், கூடவே 2 அவித்த முட்டை.

மதியம் 1 மணி: சோறு, பருப்பு அல்லது மீன் குழம்பு, ஒரு காய்.

மாலை 4 மணி: நாட்டுப்பழம் ஒன்றிரண்டு, இல்லையென்றால் ஒரு கோவில்பட்டி கடலை மிட்டாய். பரோட்டா சால்னாவுக்கு இது நேரம் இல்லை. எண்ணெய் அதிகமுள்ள உணவு வயிற்றைவிட்டு இறங்க ரொம்ப நேரம் பிடிக்கும்.

பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள்: சுண்டல், பால் அல்லது முட்டை. இரவில் சோறு அல்லது சப்பாத்தியோடு மீன்.

அதிகாலை 5.30 மணிக்கே பயிற்சி என்றால், எழுந்ததும் ஒரு பழமும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும். ஆனால் முந்தின நாள் இரவுச் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. பயிற்சி முடிந்ததும் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப் போடவும் கூடாது.

புரோட்டீன் பவுடர் கட்டாயமா?

இல்லை. தொடர்ந்து பயிற்சி செய்பவருக்கு, ஒவ்வொரு கிலோ எடைக்கும் தினமும் 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்களின் கணக்கு. 50 கிலோ எடை உள்ளவருக்கு 60 முதல் 100 கிராம்.

2 முட்டையில் 12 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20, ஒரு கப் சுண்டலில் சுமார் 14, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, ஒரு டம்ளர் பாலில் 6. இதிலேயே 59 வந்துவிட்டது. சோறு, இட்லி, பருப்பில் கிடைப்பது தனி. சாளை, நெத்திலி மலிவாகக் கிடைக்கும் கடற்கரை ஊரில் ஆயிரக்கணக்கில் கொடுத்து டப்பா வாங்க வேண்டிய தேவை இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறினால், முட்டையும் பயறும் கை கொடுக்கும்.

இன்னொரு விஷயம். தரமில்லாத பவுடர்களில் தடை செய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால், ஊக்கமருந்து சோதனையில் மாட்டுவது சாப்பிட்டவர்தான். 'எனக்குத் தெரியாது' என்ற பதில் அங்கே எடுபடாது.

தண்ணீர் எவ்வளவு?

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அது கொழுப்பு கரைந்தது அல்ல, வியர்வையாகப் போன தண்ணீர். அதற்கு ஈடாக, அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும். சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறதா? அப்போ வெறும் தண்ணீர் போதாது. உப்புப் போட்ட மோர் அல்லது நீராகாரம் நல்லது. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம்.

எடை பார்க்கும் நாளில் என்ன சிக்கல்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கை மறக்க முடியாது. மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத், 50 கிலோ பிரிவு இறுதிப் போட்டி நாள் காலையில் வெறும் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இரவு முழுக்க எடையைக் குறைக்கப் போராடியவர், நீரிழப்பால் மருத்துவ உதவி பெற வேண்டியிருந்தது.

அதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. 1997-ல் அமெரிக்காவில் 3 கல்லூரி மல்யுத்த வீரர்கள், போட்டிக்காக அவசரமாக எடையைக் குறைக்கும்போது அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். அதன் பிறகே அங்கே விதிமுறைகள் மாறின.

குத்துச்சண்டையில் தலையிலும் அடி விழும். தண்ணீர் வற்றிய உடம்போடு ரிங்கில் ஏறுவது இரட்டை ஆபத்து.

அப்போ என்னதான் செய்வது?

வளரும் பிள்ளைக்கு ஒரு பிரிவு கீழே இறங்குவதைவிட, உடம்புக்கு ஏற்ற பிரிவில் மோதுவதே சரி. எடை குறைக்கத்தான் வேண்டும் என்று டாக்டரும் கோச்சும் சொன்னால், அதைப் பல வாரங்களாக, மெதுவாகச் செய்ய வேண்டும்.

எடை பார்ப்பதற்கு முந்தின நாள் கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம். உப்பு அதிகமானால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், முள் ஏறும். எடை பார்த்து முடித்ததும் தண்ணீர், பழம், இட்லி என எளிதாகச் செரிப்பதைச் சாப்பிடலாம். பிரியாணிக்கு அப்புறம் நேரம் இருக்கிறது.

தலைசுற்றல், அடிக்கடி காயம், பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்றுபோவது ஆகியவை சாப்பாடு பத்தவில்லை என்பதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம். வீட்டில் அதைக் கவனித்தால், அடுத்த பயிற்சிக்கு அனுப்பும் முன் டாக்டரிடம் அழைத்துப் போவது நல்லது.